மகமைக் கன்றுகள்

எலுமிச்சை மரம் கண்ணில் பட்டால் என்னால் அதைத் தாண்டிப் போக முடியாது. அறிமுகமில்லாத வீடாக இருந்தாலும் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், ஓர் இளம் இலையைப் பிடித்து வெயிலுக்கு நேராகத் திருப்பிப் பார்த்துவிடுவேன். நரம்பு முழுக்கப் பச்சையாக ஓடினால் நல்ல மரம். நரம்பில் விட்டுவிட்டு வெள்ளைக் கீறல் தெரிந்தால் அந்த மரத்துக்கு நாள் எண்ணத் தொடங்கலாம். வீட்டுக்காரர்கள் என்ன ஏது என்று விசாரித்தால், "சும்மா பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். சும்மா ஒன்றும் இல்லை. சங்கரன்கோவிலில் வேலை பார்த்த ஏழெட்டு வருஷத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது, இத்தனை வருஷமாகியும் விடவில்லை.

எழுபதுகளின் கடைசியில் அந்த ஊருக்குப் போனேன். கையில் விலங்கியல் பட்டம் இருந்தது. அப்பா திருச்சபைப் பள்ளியில் தலைமையாசிரியர். எங்கள் வீட்டில் படிக்காமல் இருப்பது பாவத்தில் சேர்த்தி. ஆனால் படித்த படிப்புக்குக் கிடைத்த வேலை எலுமிச்சைக் கொழுந்தில் பூச்சி எண்ணுவது. "பூச்சி எண்ணுததுக்கா உன்னய காலேஜுக்கு அனுப்பிச்சோம்?" என்று அம்மா ஒரு வாரம் புலம்பினாள். சங்கரன்கோவிலில் ஒரு கிறிஸ்தவப் பெண் குடையும் கைக்கடிகாரமுமாக நடந்தால் அவள் டீச்சர்தான். வேறு வேலை பார்ப்பாள் என்று யாருக்கும் தோன்றாது. இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கடைசியில் 'பூச்சி டீச்சர்' என்று ஒரு பேர் நிலைத்தது.

அப்போது புளியங்குடிப் பக்கத்திலிருந்து சங்கரன்கோவில் வரைக்கும் எலுமிச்சை மரங்கள் பட்டுப்போய்க்கொண்டிருந்தன. நுனிக் கிளையில் காய ஆரம்பிக்கும். காய் சிறுத்துக்கொண்டே வரும். மூன்று நான்கு வருஷத்தில் மரம் நின்ற இடத்திலேயே விறகாகிவிடும். உரம் போட்டுப் பார்த்தார்கள். கோயில் புற்றுமண்ணைக் கொண்டுவந்து தூரில் போட்டுப் பார்த்தார்கள். ஒரு விவசாயக் கல்லூரியிலிருந்து வந்துபோன விஞ்ஞானி ஒருவர்தான் இதைப் பரப்புவது அசுவினி என்று சொன்னார். கொழுந்தின் அடியில் கறுப்பாக மொய்க்கும் செடிப்பேன் அது. நோயுள்ள மரத்தில் அரைமணி நேரம் சாறு உறிஞ்சிவிட்டு அடுத்த மரத்தில் போய் உட்கார்ந்தால் போதும், நோய் கைமாறிவிடும். நோய்க்கு ஓர் அந்நிய மொழிப் பேர் இருந்தது. அந்த மொழியில் அதற்குத் துக்கம் என்று அர்த்தமாம். அவரிடம்தான் நான் உதவிக்குச் சேர்ந்தேன். அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் சார் என்றே எழுதுகிறேன்.

ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். சார் அரசாங்கத்துக்கு எழுதிய கடிதங்கள் ஒவ்வொரு மேஜையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் சலித்துப்போய் எலுமிச்சைக் கமிஷன் கடைக்காரர்களிடம் வந்தார். அவர்களிடம் மகமை இருந்தது. மூட்டை விலைபோகும்போது ஒவ்வொரு மூட்டைக்கும் சில பைசாக்களைப் பொதுக்காரியத்துக்கென்று பிடித்துக்கொள்வார்கள். கொடுக்கிறவனுக்குக் கொடுத்தது தெரியாது, ஆனால் வருஷத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுவிடலாம். கடைக்காரர்களும் தோட்டக்காரர்களும் கூடிய கூட்டத்துக்கு சார் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சீசாவில் அசுவினியைப் போட்டு, ஒரு லென்ஸையும் கொடுத்து, வரிசையாகக் காட்டச் சொன்னார். எல்லோரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள். "இம்புட்டுக்காணு பூச்சிக்கா இம்புட்டு ரூவா?" என்று ஒருவர் கேட்டதும் கூட்டமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, சாருக்காக அடக்கிக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பில் காரியம் கெட்டுப்போயிருக்கும். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டுக்கு நடுவே கிணறு வெட்டி இரண்டு ஏக்கர் எலுமிச்சை வைத்திருந்தவர். ஐம்பது வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

"கோயிலுக்குக் குடுக்கோம், பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கோம், வேண்டாங்கல. நாளைக்கு மரமே இல்லாமப் போச்சுன்னா மகமைக்கு எங்கன போவீய? மூட்டைக்குக் கொஞ்சம் கூடப் புடிங்க. என் மூட்டையில இருந்து ஆரம்பிங்க" என்றார்.

"உம்ம தோட்டத்துலதான் நோவே இல்லியே வே, உமக்கு என்ன வந்துச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்லாததுனாலதான் பேசுதேன். வந்த பொறவு பேச எனக்குத் தெம்பு இருக்குமா?"

அவர் சொன்னது உண்மைதான். அவர் தோட்டத்தைச் சுற்றிப் பருத்தியும் சோளமும் மிளகாயும்தான். பல மைல் சுற்றளவில் வேறு எலுமிச்சை கிடையாது. நோய் அங்கே போகவே வழி இல்லை. அவர் பேச்சில் கூட்டம் இளகியது. கமிஷன் கடை முதலாளி ஒருவர் தலைவராக ஒரு கமிட்டி அமைந்தது. புளியங்குடி ரோட்டில் பாதி பட்டுப்போன ஒரு தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்தோம். சார் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான். என் சம்பளமும் அந்த மகமையிலிருந்து வந்ததுதான்.

வேலை எனக்குப் பிடித்துப்போனது. மஞ்சள் பெயின்ட் அடித்த தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தால் பறந்துவரும் அசுவினி அதில் வந்து விழும். அதை எண்ணி எழுத வேண்டும். இன்னொரு பக்கம் கொசுவலை மாதிரி நைலான் வலை அடித்த ஒரு கூண்டு வீடு. உள்ளே விதை போட்டு முளைக்கவைத்த எலுமிச்சங்கன்றுகள். விதையில் இந்த நோய் வராது. அதனால் வலைக்குள் இருக்கும் மட்டும் அவை சுத்தமானவை. அந்த வலை வீட்டுக்கு அடுத்தடுத்து இரண்டு கதவு. ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறக்க வேண்டும் என்பது சாரின் கட்டளை. நான் அதை ஜெப நேரம் மாதிரிக் கடைப்பிடித்தேன். பூப்போட்ட சேலை கட்டிக்கொண்டு உள்ளே போனால் பூச்சி ஒட்டிக்கொண்டு வருமோ என்று வெள்ளைச் சேலைதான் கட்டுவேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. சேலையில் காட்டிய பயத்தை மற்றதில் காட்டியிருக்கலாம்.

முதல் வருஷம் முடிகிற சமயம் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ஊருக்குள் வருவார்கள், அன்றைக்கே மகமை கொடுத்தவர்களைக் கூப்பிட்டு மரியாதை செய்ய வேண்டும் என்று முதலாளி முடிவெடுத்தார். "பணம் குடுத்தவன் வெறுங்கையோட போகக் கூடாது டீச்சர். ஆளுக்கு ரெண்டு கன்னு குடுத்துருவோம். கூடக் குடுத்தவனுக்குக் கூடக் குடுப்போம்." சார் கடிதத்தில் சம்மதம் எழுதியிருந்தார். கன்றுகளைக் கொடுக்கிற அன்று காலையில்தான் வெளியே எடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். முதலாளி மூன்று நாள் முன்னாலேயே வந்து நின்றார்.

"எல்லாத்தையும் வெளியில எடுத்து வைங்க. மூடியே வச்சிருந்தா உள்ள ஏதோ தில்லுமுல்லு நடக்குன்னு பேசுவானுவ. ஊர்ப் பணம் டீச்சர் இது. போறவன் வாரவன் கண்ணுல படட்டும்."

வேண்டாம் என்று சொன்னேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்பது எனக்குத்தான் தெரியும். அவர் கேட்கவில்லை, நானும் இரண்டாம் முறை சொல்லவில்லை. அவருடைய ஆட்கள் கன்றுப் பைகளைத் தூக்கிவந்து நிழலுக்காக மரத்தடியில் அடுக்கினார்கள். அந்தத் தோட்டத்தில் நிழலுக்கு இருந்ததெல்லாம் நோயுற்ற மரங்கள். ஒவ்வொரு பையிலும் மஞ்சள் பொட்டு வைத்தார்கள். ஆடிக் காற்று மூன்று நாளும் விடாமல் அடித்தது. புழுதியும் சருகும் கன்றுகள் மேல் வந்து விழுந்துகொண்டே இருந்தன.

விழா அன்று காலையில் போய்ப் பார்த்தேன். கொழுந்தைத் திருப்பினால் அடியில் கறுப்பாக நாலைந்து புள்ளி. அடுத்த கன்றிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. எண்ணுவதற்குச் சம்பளம் வாங்குகிற நான் அன்றைக்கு எண்ணவில்லை. சோப்புத் தண்ணீரைக் கலக்கித் துணியை நனைத்து ஒவ்வொரு கொழுந்தாகத் துடைத்தேன். துடைத்தால் பேன் போகும், அது உள்ளே விட்ட நோய் போகாது. எனக்கு அது தெரியாமல் இல்லை. பந்தல் போட்டாகிவிட்டது, மைக்கில் ஆளைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், இப்போது போய் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். பெரிய காரணமாக ஒன்று இருந்திருந்தால் இன்றைக்குச் சொல்லவாவது கொஞ்சம் லேசாக இருக்கும்.

கன்று வாங்க வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் புதிதாகக் கெடுதல் இல்லை. அவர்கள் தோட்டத்தில் ஏற்கெனவே நோய் இருந்தது. அண்ணாச்சிக்குப் பத்துக் கன்று என்று முதலாளி மைக்கில் சொன்னார். அண்ணாச்சி மேடைக்கு வந்தவர் கன்றைத் தொடாமல் என் பக்கம் திரும்பினார்.

"வெளிக் கன்னு எதையும் நான் தோட்டத்துக்குள்ள விடுததில்ல டீச்சர். இது நீங்க வளத்தது. கொண்டு போகலாமா?"

"தாராளமாக் கொண்டு போங்க அண்ணாச்சி" என்றேன்.

கூட்டம் கைதட்டியது. அவர் ஒவ்வொரு பையையும் குழந்தையைத் தூக்குவதுபோல் அடியில் கைகொடுத்து எடுத்து வண்டியில் வைத்தார்.

கொடுத்தது போகப் பதினோரு கன்று மிச்சம் இருந்தது. அவற்றைத் தனியாக ஒதுக்கி வைத்து, தினமும் காலையில் முதல் வேலையாக இலையைத் திருப்பிப் பார்த்தேன். புரட்டாசியில் ஒரு நாள் நரம்பில் வெள்ளைக் கீறல் தெரிந்தது. ஒரு வாரத்தில் இரண்டைத் தவிர எல்லாவற்றிலும் வந்துவிட்டது. பதினொன்றையும் பிடுங்கிச் சருகு போட்டுக் கொளுத்தினேன். சார் வந்து கேட்டபோது, தண்ணீர் பற்றாமல் காய்ந்துவிட்டன என்றேன். அவர் நம்பினார். என்னைப் பார்த்தால் யாருக்கும் நம்பத் தோன்றும், அது ஒரு சாபம்.

ஆனால் அப்போதும் நேரம் இருந்தது. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அண்ணாச்சி தோட்டத்தில் இருந்தது பத்தே கன்று, முழங்கால் உயரம். பிடுங்கி எரித்தால் ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் ஒரு சனிக்கிழமை மேலநீலிதநல்லூருக்கு பஸ் ஏறினேன். 'பத்தையும் பிடுங்கி எரிச்சிருங்க அண்ணாச்சி, தப்பு என்னுது.' பஸ்ஸிலும் சொல்லிப் பார்த்தேன், வண்டிப்பாதையில் நடக்கும்போதும் சொல்லிக்கொண்டே போனேன்.

அவர் அந்தப் பத்தையும் கிணற்றை ஒட்டி, நல்ல மண்ணாகப் பார்த்து வைத்திருந்தார். சுற்றிலும் முள்வேலி. காற்றுக்குச் சாயாமல் இருக்கப் பழைய சேலையைக் கிழித்துத் தடுப்புக் கட்டியிருந்தார். அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். "பெத்த பிள்ளைக்கு இப்படிப் பாத்தாவளான்னு கேளுங்க டீச்சர்" என்று அவரைக் கேலி செய்தபடி மதினி எனக்குச் சோறு போட்டாள். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. நன்றாக இருந்தது, நானும் நன்றாகச் சாப்பிட்டேன்.

"ஊருக்குள்ள ஒவ்வொருத்தனும் என்ன கன்னுன்னு கேக்கான். மகமைக் கன்னுன்னு சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி. "அடுத்த கூட்டத்துல மகமையை நிப்பாட்டணும்னு நாலு பேரு கெளம்பியிருக்கானுவ, தெரியும்லா? நான் வாரேன். பிரயோசனம் இல்லேங்கவன் என் தோட்டத்துல வந்து இந்தக் கன்னைப் பாருலேன்னு சொல்லுவேன்."

நான் எழுந்துபோய் ஒரு கன்றின் இலையை வெயிலுக்குத் திருப்பினேன். வெள்ளைக் கீறல் பளிச்சென்று தெரிந்தது.

"எப்படி டீச்சர் இருக்கு?"

"நல்லா இருக்கு அண்ணாச்சி."

சொன்னால் மகமை நிற்கும், சாரின் ஆராய்ச்சி நிற்கும், ஆயிரம் தோட்டத்துக்கு வரவேண்டிய நன்மை நிற்கும் என்று அந்த ஒரு நொடியில் எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து பேசினான். என் சம்பளமும் நிற்கும் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. திரும்பிவரும்போது, வறண்ட காடுதானே, அங்கே அசுவினியே இருக்காது, கன்று பத்தும் தானாகச் செத்துப்போகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சுற்றியிருந்த பருத்தியிலும் மிளகாயிலும் அசுவினி வாழும் என்பதை மட்டும் நினைக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அண்ணாச்சி வந்து பேசினார். மகமை தொடர்ந்தது.

எங்கள் சபையில் திருவிருந்துக்கு முன்னால் பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து வாசிப்போம். சேர்ந்து வாசிப்பதில் ஒரு வசதி உண்டு, உன்னுடையது எது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் அந்த வருஷம் பாதி ஞாயிறுகளில் தலைவலி என்று சொல்லி, திருவிருந்து வாங்கப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆடிக் காற்று கதவைத் தள்ளும்போதெல்லாம் யாரோ கன்றுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதுபோல் இருக்கும். கல்யாண வீட்டில் வாசலில் நின்று எலுமிச்சம்பழம் கொடுப்பார்கள். வாங்கி, வெளியே வந்ததும் யாராவது ஒருத்தர் கையில் கொடுத்துவிடுவேன். வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

அண்ணாச்சியைப் பற்றிய செய்தி எனக்கு மூட்டைக் கணக்கில்தான் வந்தது. "என்ன, அவர் மூட்டை இந்தத் தடவை கொறஞ்சுபோச்சு" என்று முதலாளி ஒரு வருஷம் சொன்னார். மறு வருஷமும் சொன்னார். அண்ணாச்சி சந்தைக்கு வருகிற நாளில் நான் கடைப்பக்கம் போகாமல் கோயில் ரதவீதியைச் சுற்றிக்கொண்டு போவேன். ஒரு தடவை தப்ப முடியாமல் மாட்டிக்கொண்டேன். காய்ந்த நுனிக் கிளை ஒன்றைக் கையில் கொண்டுவந்திருந்தார். நோய்தான் என்று சொன்னேன். இனி அதைச் சொல்வதில் எனக்கு ஆபத்து இல்லை, அதனால் சொல்ல முடிந்தது. "அங்கனயும் வந்துட்டா?" என்று மட்டும் கேட்டார். எப்படி வந்தது என்று கேட்டுவிடுவாரோ என்று குடையை விரித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

ஆராய்ச்சியில் மருந்து என்று ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் உபயோகமான சில விஷயங்கள் தெரியவந்தன. அதை சார் ஒரு நோட்டீஸாக அச்சடித்தார். கன்றுகளை வலைக்குள் வளர்க்க வேண்டும், நடும் நாள்வரை வெளியே எடுத்து வைக்கவே கூடாது என்பதுதான் அதன் முதல் வரி. பிழை திருத்திக் கொடுத்தவள் நான். பிழை ஒன்றும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் எல்லாம் ஓய்ந்துவந்தது. சாருக்கு வடக்கே எங்கோ மாற்றலாகிவிட்டது. கடைக்காரர்கள் மகமையைக் கல்யாண மண்டபத்துக்குத் திருப்பிவிட்டார்கள். எலுமிச்சை மூட்டையும் முன்போல் வரவில்லை. தோட்டத்தில் நான் மட்டும் மஞ்சள் தட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அப்படி ஒரு மத்தியான வேளையில் அண்ணாச்சி துணிப்பையோடு வந்தார். மெலிந்திருந்தார். ஒளிய இடமில்லை, உட்காரச் சொன்னேன்.

"மரத்தைப் பூரா வெட்டிட்டேன் டீச்சர். செங்கச் சூளைக்காரன் விறகுக்கு எடுத்துக்கிட்டான்."

மேஜை மேலிருந்த மஞ்சள் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"காய் வித்தா மகமை புடிப்பாவ. விறகுக்கு எவன் புடிக்கான்? அதான் நானே கொண்டாந்தேன்." பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். "சுத்துவட்டாரத்துல ஒரு எலுமிச்சை கெடையாது. எங்கன இருந்து வந்துச்சுன்னு எனக்கு ஓடவே மாட்டங்கு. காத்துல வந்திருக்குமோ?"

"இருக்கும் அண்ணாச்சி."

"உங்க கன்னு பத்தும்கூடத் தப்பல. அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம், அம்புட்டுப் பாடுபட்டு வளத்தீய." நோட்டுகளை என் பக்கமாகத் தள்ளினார். "எப்படியாச்சும் கண்டுபிடிங்க. இன்னொருத்தன் தோட்டத்துக்கு இது போகக் கூடாது."

பணம் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்தது ஒரே காரணம். ரசீதுப் புத்தகத்தை எடுத்து, ஆராய்ச்சி நிதிக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

பணத்தைக் கமிட்டியில் கட்டினேன். அந்த மாதம் அவர்களுக்கு வேறு வரவே இல்லை. என் சம்பளப் பாக்கியை அதிலிருந்துதான் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.